கடலறைச் சுவர்

"சுவரு உதிருது லாத்தா" என்றார் உதுமான் நெய்னா.

மரக் கிராதிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கொஞ்சம் தணிந்தது.

"எந்தச் சுவரு காக்கா?"

"கடலறைச் சுவரு."

"கடல ஒட்டி இருக்கிற சுவரு உதிராம வேற என்ன செய்யும்?"

உள்ளே ஒரு சிறுமி சிரித்தாள். இன்னொருத்தி அவளை அடக்கினாள்.

"ஓதி ஊதின தண்ணி கொஞ்சம் குடுங்க. தெளிச்சுப் பாக்குறேன்."

"ஈரத்துல உதிருற சுவரு மேல இன்னும் தண்ணியா?"

உதுமான் நெய்னா கைகளைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய நகக்கண்களில் சுண்ணாம்புத் தூள் ஏறியிருந்தது.

செய்னம்பு லாத்தா அவரைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் ஊருக்கே அவர் லாத்தாதான், மூத்த சகோதரி. அவரும் கிராதிக்கு வெளியே வந்து உட்காரும் ஆண்கள் எல்லோரையும் காக்கா, மூத்தவர் என்றே அழைப்பார். அதனால் அந்தக் கிராதிக்கு இரண்டு பக்கமும் மூத்தவர்களே இருந்தார்கள்.

லாத்தாவுக்கு இரண்டு வேலைகள். பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பார். ஊரில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டுவார்.

மனத்தில் ஏதாவது அடைத்துக்கொண்டால் ஆண்களும் அந்தக் கிராதிக்கு வெளியே கிடக்கும் பலகையில் வந்து உட்காருவார்கள். அவர் முகத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

கடலறை இருக்கும் கல்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மணம் முடித்தவன் பெண் வீட்டில் வந்து குடியேறுவான். கல்வீடு உதுமான் நெய்னாவின் மனைவி மைமூனுடையது. மைமூனுக்கு முன்னால் அவர் தாயாருடையது. உதுமான் நெய்னா அந்த வீட்டு மாப்பிள்ளை. எழுபது வயதிலும் மாப்பிள்ளைதான்.

மைமூனின் முன்னோர் ஒருவர் கப்பல் வைத்திருந்தார். அவர் தன் மகளுக்காகக் கட்டிய வீடு அது. தீவுகளிலிருந்து பவளப்பாறையை வெட்டித் தோணியில் கொண்டுவந்தார்கள். கடலுக்குள் இருக்கும்போது மிருதுவாக இருக்கும் கல். காற்றுப் பட்டால் இறுகும். ஒரு ஆள் கையை நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு கனமான சுவர். மேலே சுண்ணாம்புக் காரை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்தது. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளை. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கியிருந்தார்கள்.

தெருப்பக்கம் செதுக்கிய கதவும் பெரிய ஜன்னல்களும் உண்டு. கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெறும் வெள்ளைச் சுவர்.

"கடல்ல சம்பாதிச்சவன் கடலுக்கு முதுகக் காட்டிக் கட்டியிருக்கான் பாரு" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது கடலறை. அங்கே கடல் பக்கம் ஒரே ஒரு துளை. கையை நுழைக்க முடியாத அகலம், ஒரு முழம் உயரம். தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு வரும் அளவில் இருந்தது. கனமான சுவருக்குள் அது நேராகப் போகவில்லை. தெற்கே சாய்ந்து போனது. நின்றுகொண்டு பார்த்தால் துளையின் கல் மட்டுமே தெரியும்.

காற்றுக்காக விட்டது என்று ஆண்கள் சொன்னார்கள். கொத்தனுக்கு அன்றைக்குக் கண் சரியில்லை என்றும் சொன்னார்கள்.

துளைக்குப் பக்கத்து மூலையில், வடக்குச் சுவரில், ஒரு கறை இருந்தது. உள்ளங்கை அளவு. மைமூன் தலை சாய்த்த இடம். தேங்காய் எண்ணெய் வருஷக்கணக்கில் இறங்கி, காரை அங்கே பழுத்த இலையின் நிறமாகியிருந்தது.

உதுமான் நெய்னாவின் வாழ்நாள் எல்லாம் சபரில் கழிந்தது. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதை நாங்கள் சபர் என்போம். அவர் கொழும்பில் இருந்தார். நோன்புக்கு வருவார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் போவார். சில வருஷம் வரவே மாட்டார்.

சபருக்குப் போகிறவன் வாசல் தாண்டிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பெண்கள் துறைக்கு வருவதில்லை. உதுமான் நெய்னா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கறை கூடுதலாகியிருக்கும். ஒரு முறை அவர் கேட்டார்.

"யாரு தல இது? சுவரு பூரா எண்ணெய்."

மைமூன் திரும்பாமலே சொன்னார்.

"ஊருல இல்லாதவங்க சுவரப் பத்திப் பேசக் கூடாது."

இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் கொழும்பை விட்டு ஒரேயடியாக வந்துசேர்ந்தார். அடுத்த மழைக்காலத்தில் மைமூன் இறந்துபோனார்.

"என்னவெல்லாம் செஞ்சு பாத்தீங்க காக்கா?" என்று லாத்தா கேட்டார்.

உதுமான் நெய்னா சொன்னார்.

முதலில், போன நோன்புக்கு முன்னால் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தபோது அந்த மூலையில் மட்டும் அடிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அந்த இடத்தில் உப்புப் பூத்தது. கொத்தனார் அந்தோணி, கீழே சிமெண்டு பூசினால் ஈரம் நிற்கும் என்றார். பூசினார்கள். ஈரம் சிமெண்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. கறையின் ஓரம் பொருக்குப் பொருக்காக எழும்பியது. யார் கையும் படக் கூடாது என்று அவர் தேக்குச் சட்டம் போட்டு, கறைக்கு முன்னால் கண்ணாடி வைத்து அடைத்தார். காரையில் உரசாமல் இருக்கச் சட்டத்தை நாலு விரல் தள்ளி நிறுத்தினார். இப்போது கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கிறது. காலையில் பார்த்தால் சொட்டுச் சொட்டாக நிற்கிறது.

"கண்ணாடிக்குக் கீழ தூளு சேருது லாத்தா. தினமும் கொஞ்சம்."

"அந்தத் தொளை?"

"எந்தத் தொளை?"

"கடல் பக்கத்துத் தொளை."

"அதையும் அடச்சிட்டேன். அதுவழியாத்தான் உப்புக் காத்து வருது."



பிறகு கிராதியின் உள்கதவு மூடிக்கொண்டது.

தொழப் போயிருப்பார் என்று உதுமான் நெய்னா நினைத்தார். பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஓதி முடித்து, பெண்கள் நடக்கும் முடுக்குச் சந்து வழியாக வீட்டுக்குப் போனார்கள். கதவு திறக்கவில்லை.

வீட்டில் மகள் ஜுலைகா கொத்தனாரை உட்கார வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளை முதலாளி, இது கறைச் சமாச்சாரம் இல்ல" என்றார் அந்தோணி. "இந்தச் சுவரு மேலதான் உத்திரம் உக்காந்திருக்கு. சுவரு வயிறு தள்ளுது. காரையப் பூரா உரிச்சுக் கல்லக் காய விடணும். மழைக்கு முந்திப் பூசணும். விட்டா உத்திரம் எறங்கிரும்."

"அந்த மூலைய விட்டுட்டு உரி."

"அந்த மூலையிலதான வயிறு தள்ளுது."

ஜுலைகா சொன்னாள்: "வாப்பா, பெருநாள் கழிச்சு நிக்காஹ். புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் கடலறையிலதான் இருக்கப் போறாங்க. உங்க பேத்தி தலையில உத்திரம் விழணுமா?"

"வேற அறை இல்லையா இந்த வீட்டுல?"

"இருக்கு. எல்லா அறைக்கும் உத்திரம் இந்தச் சுவருலேர்ந்துதான் போகுது."

அவர் எழுந்து கடலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். கறையில் பாதிதான் மிச்சம் இருந்தது.

மறுநாளும் கிராதிக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

"நேத்து கதவச் சாத்திட்டீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"உப்புக் காத்து வந்துச்சு" என்றார் லாத்தா.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. லாத்தா அவர்களை அன்றைக்கு முற்றத்துக்கு அனுப்பியிருந்தார்.

"காக்கா, அந்தக் கறை என்ன?"

"மைமூன்."

"மைமூன் லாத்தாவ நான்தான் குளிப்பாட்டினேன்."

"தெரியும்."

"மையித்தக் குளிப்பாட்டுறவ கண்டத வெளிய சொல்லக் கூடாது. இத மட்டும் சொல்லலாம். அவங்க தலையில எண்ணெய் இருந்துச்சு. நெறைய."

"முந்தின நாளு ஜுலைகா வச்சுவிட்டா. தல காயுதுன்னு கேட்டு வாங்கினா."

"எலந்த எல போட்ட தண்ணி. ஒரு தடவ ஊத்தினேன், போகல. மறுபடி ஊத்தினேன். என் கையில பிசுக்கு இல்லாமப் போற வரைக்கும் கழுவினேன். அப்புறம் மூணு பின்னலாப் பின்னிப் பின்னால விட்டேன்."

உதுமான் நெய்னா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவாம விட்டிருக்கணுமா காக்கா?"

அவர் சொன்னார்: "நான் சுவரப் பத்திக் கேக்க வந்தேன்."

"சரி, சுவரு. அவங்க அங்க சாஞ்சு உக்காந்திருந்தத நீங்க பாத்திருக்கீங்களா?"

"அவ வாழ்நாளு பூரா அங்கதான் சாஞ்சா."

"அதக் கேக்கல."

உதுமான் நெய்னா பதில் சொல்ல வாய் திறந்தார்.

கிணற்றடியில் மைமூன் தெரிந்தார். அடுப்படி வாசலில் அகப்பையோடு தெரிந்தார். இவருடைய கைலியை மடித்து வைத்துக்கொண்டு, பெட்டியில் இது கொள்ளுமா என்று கேட்டார். முற்றத்தில் பாய் விரித்தார். பிள்ளைக்குத் தலை வாரினார். எதிலும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எதிலும் சாய்ந்திருக்கவில்லை.

"கறையப் பாத்திருக்கேன்" என்றார்.

"அப்ப நீங்க போய் உக்காருங்க. அவங்க உக்காந்த எடத்துல, அவங்க சாஞ்ச மாதிரி. அஸருக்கு அப்புறம், வெயிலு சாயிற நேரம். தொளையத் தொறந்து வச்சுட்டு."

"எதுக்கு?"

"உக்காந்துட்டு வந்து சொல்லுங்க, என்ன தெரிஞ்சிச்சுன்னு."

அவர் துளையைத் திறந்தார். தானே அடித்த பலகையைத் தானே நெம்பி எடுத்தார். உள்ளே வைத்த சாக்கையும் சுண்ணாம்பையும் கம்பியால் தோண்டினார். காற்று ஊதியது. உதட்டில் உப்புப் பட்டது.

வடக்குச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார். தலை கண்ணாடியில் இடித்தது. குளிர்ச்சியாக இருந்தது. இடது பக்கம் துளையைப் பார்த்தார்.

துளையின் கல் தெரிந்தது. அதன் ஓரத்தில் நூல் மாதிரி கொஞ்சம் வெளிச்சம்.

பொழுது அடைந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார்.

"என்ன தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார் லாத்தா.

"தொளையோட கல்லு."

"இன்னும் நல்லாச் சாஞ்சு உக்காருங்க."

"தலைக்குப் பின்னால கண்ணாடி இருக்கு."

"ஆமா."

"கண்ணாடிய எடுத்தா மிச்சமும் உதிர்ந்துரும்."

"ஆமா."

அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஊரில் யாரும் லாத்தாவிடம் அப்படிப் பேசியதில்லை.

"உங்களுக்கு என்ன. நீங்க கழுவிவிட்டுட்டு வந்துருவீங்க. வீட்டுல இருக்கிறவனுக்குல்ல தெரியும். அவ போட்டோகூடக் கெடையாது. எடுக்கக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டா. அவ துணிமணியெல்லாம் ஜுலைகா தானம் பண்ணிட்டா. கபுருக் கல்லுல பேருகூட வெட்டல. எனக்குன்னு இந்த உள்ளங்கை எடம்தான். அதையும் குடுன்னா?"



"நான் கேக்கல காக்கா" என்றார் லாத்தா. "கேக்குறது சுவரு."

அவர் எழுந்து, செருப்பை மாட்டாமலே நடந்தார். பாதித் தெருவில் நினைவு வந்து, திரும்பப் போய் மாட்டிக்கொண்டார். கிராதியின் உள்கதவு திறந்தேதான் இருந்தது. 

அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை.

பிறை கண்டு நோன்பு தொடங்கியது. அந்தோணி இரண்டு தடவை வந்து, வாசலோடு திரும்பிப் போனார். உத்திரத்தின் முனையில் சுவர் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. ஜுலைகா சொல்வதை நிறுத்திவிட்டாள். அவர் நோன்பு திறக்கக் கஞ்சி கொண்டுவந்து வைக்கும்போது உத்திரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் உளியை எடுத்துக்கொண்டு கடலறைக்குள் போனார்.

சட்டத்தின் நாலு முனையிலும் சுண்ணாம்பைத் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார். கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார்.

சட்டம் சுவரைவிட்டு வந்தது. அதோடு காரையும் வந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈரமாவு சரிவதுபோல் சரிந்து அவர் மடியில் விழுந்தது.

அவர் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். கறை எது, காரை எது என்று பிரிக்க முடியவில்லை. முகர்ந்து பார்த்தார். உப்பு வாசனை.

சுவரில், கறை இருந்த இடத்தில், பவளக்கல் நின்றது. வெள்ளையாக, சின்னச் சின்னக் குழிகளோடு. அன்றைக்கு வெட்டி வைத்த மாதிரி இருந்தது. எண்ணெய் அதைத் தொடவே இல்லை.

உதுமான் நெய்னா திரும்பினார். அங்கேயே, தூளின் மேலேயே உட்கார்ந்தார். தலை பின்னால் சாய்ந்தது. காரை போன பள்ளத்தில், கல்லில் போய் நின்றது.

அப்படியே கிடந்தார். பிறகு வெளிச்சம் கண்ணில் பட்டதால் இடது பக்கம் திரும்பினார்.

துளை திறந்திருந்தது. முழுதாக.

அதற்குள் துறை இருந்தது.

கடல் தெரியவில்லை. வானம் தெரியவில்லை. தென்னைகளுக்கு நடுவே தெருமுனையிலிருந்து துறைக்குப் போகும் மணல் பாதை, அதன் முடிவில் தோணி ஏறும் கல், அவ்வளவுதான். யாரோ அளந்து வெட்டிச் சுவருக்குள் பதித்த மாதிரி. மேற்கு வெயில் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. மணலில் கிடந்த கயிறுகூடத் தெரிந்தது.

அவர் தலையைக் கொஞ்சம் முன்னால் எடுத்தார். துறை போய்விட்டது. கல் வந்தது.

மறுபடி சாய்த்தார். துறை வந்தது.

ஒரு ஆள் கூடையைத் தூக்கிக்கொண்டு பாதையில் போய்க்கொண்டிருந்தான். யாரென்று தெரியவில்லை. போகிறவன் போய்க்கொண்டே இருந்தான். கல்லருகே போய் மறைந்தான்.

வாசலில் ஜுலைகா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. சட்டத்தையும் தூளையும் பார்த்தாள். பிறகு வாப்பா சாய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"தெரியுதா?" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா இது?"

"இந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். இதுக்குத்தான வச்சுக் கட்டினது."

"யாரும் சொல்லலியே."

"ஆம்பளைங்க யாரு இங்க வந்து உக்காந்தீங்க?"

அவள் உள்ளே வந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தூளைக் கையால் ஒதுக்கினாள்.

"உம்மா என்னயும் மடியில வச்சுக் காட்டியிருக்காங்க. அந்தக் கல்லுக்கிட்ட போனதும் நீங்க பைய வலது தோளுலேர்ந்து எடது தோளுக்கு மாத்துவீங்க. இப்ப மாத்துவாங்க பாருன்னு சொல்லுவாங்க. நீங்க மாத்துவீங்க."

"நானா?"

"எல்லாத் தடவையும்."

அவர் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தோணி போனதும் கொஞ்ச நேரம் இப்படியே சாஞ்சிருப்பாங்க. மத்த நாளும், வேல முடிஞ்சா இங்கதான். சும்மாக் கெடக்கிற பாதையப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"நான் வர்ற அன்னைக்கு?"

"வர்ற அன்னைக்கு எங்க உக்காருவாங்க? கொழும்புத் தோணி வருதுன்னு தெருவுல சத்தம் கேட்டதும் அடுப்படிக்கு ஓடிருவாங்க. மீனு வாங்கணும், தேங்கா அரைக்கணும். நீங்க வாசல்ல வந்து நின்னப்புறம்தான் கையத் தொடச்சுக்கிட்டு வருவாங்க. தூளு தொடைங்க வாப்பா, கண்ணுல படுது."

அவர் துடைக்கவில்லை.

அந்தோணி ஆளோடு வந்தார். காரையை உரித்தார். சிமெண்டைக் கொத்தி எடுத்தார். சுவர் பல நாள் அம்மணமாக நின்று காய்ந்தது. பிறகு சுண்ணாம்பு அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய வாசனை வீடு முழுக்க வந்தது.

கூழாங்கல்லால் தேய்க்கும் நாளில் அந்தோணி கேட்டார்: "இந்தக் கோணத் தொளைய அடச்சிரலாமா? உப்புக் காத்து இது வழியாத்தான் வருது. நீங்களே ஒரு தடவ அடச்சு வச்சிருந்தீங்களே."

"அதத் தொடாத."

"பூச்சு சீக்கிரம் போயிரும் முதலாளி. ரெண்டு மழைக்கு ஒரு தடவ நான் வர வேண்டியிருக்கும்."

"வா."

பெருநாள் வந்தது. நிக்காஹ் நடந்தது. பேத்தியும் மாப்பிள்ளையும் கடலறையில் குடியேறினார்கள். மாப்பிள்ளைக்கும் கொழும்பில்தான் வேலை. மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை புறப்பட்டுப் போன மறுநாள், வெகு நாளைக்குப் பிறகு, உதுமான் நெய்னா கிராதிக்கு வெளியே போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

உள்ளே பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர் செருமவில்லை. சலாமும் சொல்லவில்லை. ஆனாலும் ஓதும் சத்தம் தணிந்தது.

"சுவரு எப்படி இருக்கு காக்கா?"

"பூசியாச்சு."

"கறை?"

"போச்சு."

"பேத்தி நல்லா இருக்காளா?"

"கடலறையில இருக்கா. சாப்பிட வரல. கூப்பிட வேணாம்னு சொல்லிட்டேன்."

 தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே போனது.

"நான் ஒண்ணு கேட்டிருந்தேன். நீங்க வந்து சொல்லல."

"ஆமா."

"மறுபடி அங்க சாஞ்சு உக்காந்தீங்களாமே. என்ன தெரிஞ்சிச்சு?"

உதுமான் நெய்னா தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் இப்போது சுண்ணாம்பு இல்லை.

"என் முதுகு" என்றார்.